சூடேறிய பிறகு கேட்ட சத்தம்

விடியற்காலையில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தவிலைச் சந்தையில் காய்கறி ஏற்றி, தேக்கா வட்டாரத்து உணவகங்களில் இறக்குவது என் அன்றாட வேலை. ஆறு வயதான என் டீசல் லாரியின் சைலன்சர் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அடிக்கடி நின்று நின்று குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குழாய் முழுமையாகச் சூடாவதில்லை. புகையோடு வரும் நீராவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தேங்கி உள்ளிருந்து அரிக்கிறது. எனவே, புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டிக்குப் பின்னால் உள்ள நடுக்குழாய், சைலன்சர், வால்குழாய் மூன்றையும் வெளிச்சந்தையில் விற்கும் எவர்சில்வர் தொகுப்பு ஒன்றால் மாற்றினேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்த பிறகே வாங்கினேன். துகள் வடிகட்டியில் நான் கை வைக்கவில்லை. யாரும் வைக்கவும் கூடாது.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியை உயர்த்தும் தூக்கியைக் கொடுத்து உதவினார். மாட்டி முடித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. மறுநாள் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் இருபது நிமிடம் ஓடிய பிறகு, மேம்பால இணைப்புகளைக் கடக்கும்போதெல்லாம் இருக்கைக்கு அடியில் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் கேட்டது. சரக்கை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தபோது குழாய் ஆறியிருந்தது. கையால் எவ்வளவு ஆட்டியும் அது எங்கும் இடிக்கவில்லை.

"தம்பி, ஆறின குழாயைப் பார்த்து ஒண்ணும் தெரியாது, சாக்கட்டியத் தேச்சுட்டு ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க" என்றார் அண்ணன். குழாய்க்கு அருகில் வரும் குறுக்குச் சட்டங்கள், பிரேக் குழாய்ப் பிடிகள், உதிரிச் சக்கரத் தாங்கி எல்லாவற்றிலும் வெள்ளைச் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் கீழ்விளிம்பில் கட்டைவிரல் நக அளவுக்குச் சாக்கட்டிப் பொடி அழிந்திருந்தது. அதற்கு நேராக, வளைந்து மேலேறும் குழாயிலும் அதே அளவில் ஒரு பளபளப்பான தேய்மானம் தெரிந்தது.

காரணம் எளிய கணக்குதான். 304 ரக எவர்சில்வர் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 100 டிகிரி சூடேறினால், ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் நீளும். சாதாரண இரும்பு 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். என் குழாய்த்தொடரின் நீளம் இரண்டரை மீட்டர். அது 200 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது எட்டரை மில்லிமீட்டர் பின்னோக்கி நகரும். பழைய இரும்புக் குழாய் ஆறு மில்லிமீட்டரோடு நின்றிருக்கும். நான் விட்டிருந்த இடைவெளியோ விரல் நுனி நுழையாத அளவு.

ஆனால் இடைவெளி குறைந்ததற்கு உண்மையான காரணம் நான் முடுக்கிய வரிசை. வால்குழாய் வெளியிலிருந்து பார்க்க நேராகத் தெரிய வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னோக்கி முடுக்கிக்கொண்டு வந்தேன். அதனால் முன் இணைப்பில் குழாய் போதிய ஆழத்துக்குச் செருகப்படாமல், தொடர் முழுவதும் பின்னால் தள்ளி நின்றது. இம்முறை குழாய்களை இணைக்கும் எல்லாப் பிடிகளையும் தளர்த்தி, முன்னாலிருந்து தொடங்கி, ஒவ்வொரு குழாயையும் முழு ஆழத்துக்குத் தள்ளி, பிடிகளைக் கையால் மட்டும் இறுக்கி, சைலன்சரை நிமிர்த்தி வைத்தேன். குழாயை அடிச்சட்டத்திலிருந்து தாங்கும் தொங்கு ரப்பர்கள் ஆறிய நிலையில் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் குழாய் நீளும்போது அவை நேராகித் தொங்கும். ரப்பரை ஏற்றச் சோப்புத் தண்ணீரே போதும். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். கடைசியாகத்தான் ஸ்பேனரை எடுத்தேன்.

குழாயைச் சுற்றி அணைக்கும் பட்டைப் பிடிகள் இருந்ததால்தான் இதையெல்லாம் திரும்பச் செய்ய முடிந்தது. யு வடிவப் பிடியாக இருந்திருந்தால் முதல் முடுக்கலிலேயே குழாய் நசுங்கி, திருப்பவும் முடியாமல் கழற்றவும் முடியாமல் போயிருக்கும்.

முன் விளிம்பு இணைப்பில் மையைப் போலக் கரி படிந்திருந்ததையும் அப்போதுதான் கண்டேன். கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கட்டை மாற்றாமல் பழையதையே திரும்பப் போட்டது என் தவறு. விளிம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் புதிய கேஸ்கட் போட்டு, இரண்டு போல்ட்களையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, குழாய் சூடாவதற்குள் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது குமிழ் எதுவும் வரவில்லை.

இரண்டு நாள் ஓடியபின் பிடிகளை மீண்டும் முடுக்கிப் பார்த்தேன். நடுப்பிடி மட்டும் கால் சுற்று ஏறியது. குறுக்குச் சட்டத்தில் மறுபடியும் தேய்த்திருந்த சாக்கட்டிக் கோடு, முழுச் சரக்கோடு பாசிர் பாஞ்சாங்கிலிருந்து தேக்கா வரை வந்த பிறகும் அழியாமல் இருக்கிறது.