எல்லா லிங்க்கும் டெஸ்ட்01 பேரில்

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை சாயங்காலம். திண்டுக்கல் பக்கம் சமையல் சேனல் நடத்தும் அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, நீங்க அனுப்பின லிங்க்ல என் கோடே இல்லையே. ஏதோ டெஸ்ட்01-னு இருக்கு. இது எனக்கு வந்ததுதானா, இல்ல ஆள் மாறி வந்துருச்சா?"

காலை பத்தரைக்கே அந்த மெயிலை அறுநூற்றுச் சொச்சம் பேருக்குத் தட்டிவிட்டிருந்தேன். வயிற்றைக் கலக்கியது.

கோவையில் இரும்பு தோசைக்கல், வார்ப்பிரும்புச் சட்டி, கல்சட்டி விற்கும் சின்ன ஆன்லைன் கடை எங்களுடையது. பெரிய விளம்பரத்துக்கெல்லாம் காசு கிடையாது. சமையல் சேனல்காரர்கள், வலைப்பதிவு எழுதுபவர்கள், வாட்ஸ்அப் குரூப் நடத்தும் அம்மாக்கள் ஆகியோர் தங்கள் லிங்க் வழியாக விற்றுக் கொடுத்தால் கமிஷன் தருவோம். யார் வழியாக வந்த ஆர்டர் என்று தெரிய, ஒவ்வொருவர் லிங்க்கிலும் அவருக்கென ஒரு கோடு (அடையாளக் குறி) இருக்கும். இந்தப் பார்ட்னர்களுக்கு மாதம் ஒரு நியூஸ்லெட்டர் அனுப்புவது என் வேலை. அந்த மாதம் தீபாவளி ஆஃபர்.

நடந்தது இதுதான். டெஸ்ட் கணக்குக்கு ஒரு மெயில் அனுப்பி, பட்டனை அழுத்திப் பார்த்தேன். பக்கம் சரியாகத் திறந்தது. ஆனால் படத்தின் மேல் லிங்க் வைக்க மறந்திருந்தேன். அவசரத்தில் பிரௌசரின் மேலே இருந்த முகவரியை அப்படியே காப்பி செய்து படத்திலும் பட்டனிலும் ஒட்டிவிட்டேன். பார்ட்னரின் கோடு தானாக வந்து உட்கார வேண்டிய இடத்தில் டெஸ்ட் கணக்கின் கோடு நின்றுவிட்டது. திரும்ப ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பினேன்தான். அதுவும் அதே டெஸ்ட் கணக்குக்கு. அங்கே அந்த லிங்க் தப்பாகத் தெரிய வழியே இல்லை!

அக்கா பேசி முடிப்பதற்குள் டெஸ்ட்01 கணக்கில் நாற்பத்தேழு ஆர்டர் விழுந்திருந்தது. அத்தனையும் யாரோ ஒருவரின் உழைப்பு. வலைப்பதிவிலிருந்து வந்தவை எந்தத் தளம் என்று எங்கள் கடையின் ஆர்டர் விவரத்தில் தெரிந்தது. வாட்ஸ்அப்பிலிருந்து வந்தவற்றுக்கு அந்தத் தடமும் இல்லை. எத்தனை மணிக்கு லிங்க்கைப் போட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஸ்கிரீன்ஷாட் கேட்டு, ஆர்டர் நேரத்தோடு ஒப்பிட்டுப் பிரித்தோம். இரண்டு பேர் உரிமை கொண்டாடிய ஆர்டர்களுக்கு இருவருக்குமே கமிஷன் கொடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. அது அவர் பெருந்தன்மை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பதற்றத்தில் அன்று ராத்திரியே ஒரு திருத்த மெயில் அனுப்பினேன். தலைப்பு: "மிக மிக அவசரம்!!! உங்கள் லிங்க் தவறு, உடனே மாற்றவும்!!!" இப்போது படித்தால் எனக்கே அது வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று வரும் ஏமாற்று மெயில் மாதிரிதான் தெரிகிறது. உள்ளே இரண்டு வரித் திருத்தம், அதன் கீழே காலையில் போன அதே நீளமான மெயில். ஸ்பேம் பட்டனை அழுத்தியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்சப்ஸ்கிரைப் லிங்க்தான் கீழே இருக்கிறதே, அதை விட்டு ஏன் ஸ்பேமுக்குப் போனார்கள் என்பது மட்டும் புரியவில்லை.

என் சொந்த ஜிமெயிலில் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மெயில் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தைக் காட்டாது. முழுதாகப் பார்க்க ஒரு லிங்க் மட்டும் கொடுக்கும். படங்களின் எடை இந்தக் கணக்கில் வராது, உள்ளிருக்கும் எழுத்தும் அதை வடிவமைக்கும் நிரலும்தான். அட, எழுத்து எவ்வளவு இடத்தை அடைத்துவிடும் என்று நினைத்தேன். தமிழுக்கு அடைக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால், யூனிகோடில் 'க'வுக்கு மூன்று பைட். 'கொ' என்றால் ஆறு. போதாக்குறைக்கு, நாங்கள் மெயில் வடிவமைக்கும் கருவி ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எண்ணாக மாற்றி எழுதியிருந்தது: 'க' என்பது 2965 என்ற எண்ணும் அதைச் சுற்றி மூன்று குறிகளுமாக ஏழு பைட்டாக உட்கார்ந்திருந்தது. பதினான்கு பொருளை விவரித்த மெயில் பாதியில் வெட்டுப்பட்டு, அடியில் இருந்த அன்சப்ஸ்கிரைப் லிங்க் கண்ணிலேயே படவில்லை. விலக நினைத்தவருக்குக் கையில் கிடைத்தது ஸ்பேம் பட்டன்.

அந்த ஸ்பேம் புகார்களுக்கான விலை அடுத்த வாரம் தெரிந்தது. பான் எண் தராதவர்களுக்குக் கமிஷனில் 20% வரி பிடிக்க வேண்டும். அந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து கமிஷனுக்கான டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. பான் எண் கொடுத்தால் அந்த 2 தான். அதைச் சொல்லி அனுப்பிய மெயில் பலருக்கு ஸ்பேமில் விழுந்தது. காரணம், ஆஃபர் மெயில், கமிஷன் கணக்கு, வாடிக்கையாளர் பில் எல்லாமே ஒரே டொமைனிலிருந்து (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் கெட்ட பெயர் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் மெயில் நிஜமாகவே அந்த டொமைன்காரர் அனுப்பியதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஒரே க்ளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2024 பிப்ரவரியிலேயே கூகுள் விதி கொண்டுவந்துவிட்டது. அறுநூறு பேர்தானே, நமக்கென்ன என்று இருந்தேன். தீபாவளி நேரத்தில் எங்கள் வாடிக்கையாளர் மெயிலும் அதே டொமைன் கணக்கில்தான் சேரும் என்பது உறைக்கவில்லை. போய்ப் பார்த்தால் எங்கள் டொமைன் அமைப்பில் எஸ்பிஎஃப் பதிவு இரண்டு இருந்தது. மெயில் சேவையை மாற்றியபோது யாரோ பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

அந்த "யாரோ" நான்தான்.

கூப்பன் கதையும் உண்டு. "31 நள்ளிரவு வரை" என்று எழுதியிருந்தேன். 31 பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று ஆளாளுக்கு ஒரு அர்த்தம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு டொரண்டோவிலிருந்து தோசைக்கல் வாங்கி அனுப்புகிறவர்களை நம்பிப் பதிவிடும் பார்ட்னர் ஒருவர் அங்கே இருக்கிறார். நம் ஊர் இரவு 11:59 அவருக்கு மதியம் 2:29. வேலை முடிந்து வந்து வாங்கலாம் என்றிருந்த அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் கூப்பன் செத்துப்போனது.

இப்போது கமிஷன், வரி மெயில்கள் தனி சப்டொமைனிலிருந்து போகின்றன. பார்ட்னர் மெயிலில் மூன்று பொருளுக்கு மேல் போடுவதில்லை. வாடிக்கையாளருக்குப் போகும் வர்ணனை அவர்களுக்கு எதற்கு? அவரவர் லிங்க், கமிஷன் எவ்வளவு, கூப்பன் எந்தத் தேதி எத்தனை மணிக்கு எந்த ஊர் நேரப்படி முடிகிறது, பதிவில் போட ஒரு படம், இவ்வளவுதான் கேட்கிறார்கள். விலகும் லிங்க்கை மேலேயும் ஒன்று வைத்துவிட்டேன். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்துப் பூரிப்பதும் போயிற்று. 2021-லிருந்து ஆப்பிள் மெயிலில் ஆள் திறக்காமலேயே படங்கள் முன்கூட்டி இறங்கிவிடுவதால் அந்த எண் ஊதிப்போய்த்தான் வரும். லிங்க்கை அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார்க்கிறேன்.

மொத்தப் பட்டியலுக்கும் அனுப்புவதற்கு முன்னால் உண்மையான பார்ட்னர்கள் மூன்று பேருக்கு மட்டும் முதலில் போகும். அதில் ஒருவர் அந்தத் திண்டுக்கல் அக்கா. "என் கோடு இருக்கு தம்பி, அனுப்பிக்கோ" என்று அவரிடமிருந்து வாட்ஸ்அப் வராமல் நான் பட்டனை அழுத்துவதில்லை. போன மாதம் அவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் மெயில் ஒரு நாள் தாமதமாகத்தான் போனது.