வை என்றால் நீர், வை என்றால் யார்

ஹவாயி மொழியில் ஒருவரிடம் பெயர் கேட்பதற்கு "ஓ வை கோஉ இனோவா" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "உங்கள் பெயர் யார்" என்று வரும்; ஆளைப் போலவே பெயரையும் 'யார்' என்று கேட்பதுதான் அங்கே இலக்கணம். கைபேசியில் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த நான், நாலைந்து நாள் கழித்து அதே 'வை' தண்ணீர் என்ற பொருளில் வந்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். முன்னால் நிற்பவரையும் குடத்தில் இருப்பதையும் 'நீர்' என்றே சொல்லும் மொழியில் பிறந்தவன் இதற்கு வியந்தது நியாயமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

வை என்பது கடல்நீரைக் குறிக்காது. அதற்குக் 'கை' என்ற தனிச்சொல் உண்டு. மற்றபடி ஆறு, ஓடை, பழச்சாறு, உடலில் சுரப்பது எல்லாமே வைதான். மக்கா என்றால் கண், வைமக்கா என்றால் கண்ணீர். நம் சொல்லேதான், வரிசை மட்டும் முன்பின்னாக மாறியிருக்கிறது. (இதை வைத்து யாரும் மொழிக்குடும்ப ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்.) ஊ என்றால் முலை, வையூ என்றால் பால். வைமேயா என்ற ஊர்ப்பெயரைச் 'செந்நீர்' என்று பெயர்த்தால் நமக்குக் குருதி நினைவு வரும். அங்கே அது செம்மண் கரைந்தோடும் ஆறு.

எனக்கு மிகவும் பிடித்தது, அதே சொல்லை இரட்டித்தால் கிடைக்கும் 'வைவை'. அதற்குச் செல்வம் என்று பொருள். மலையோடையில் கல்லடுக்கி நீரைத் திருப்பிச் சேம்பு வயலுக்குக் கொண்டுவரும் வாய்க்காலின் பெயரோ, எழுத்துக்கூட்டினால் நம் 'ஔவை'யாகவே வந்து நிற்கிறது. அந்த வாய்க்கால் நீர் ஒரு பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்கு வழிந்து, எல்லா வயல்களையும் நனைத்தபின் மறுபடி ஓடைக்கே திரும்பிவிடும். சட்டத்தைக் குறிக்கும் 'கானாவை' என்ற சொல்லும், நீரைப் பங்கிடும் பழைய கட்டுப்பாடுகளிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று விளக்குவோர் உண்டு.

கரும்புத் தோட்டங்கள் வந்தபின் நீர் திரும்பாமல் போனது. ஓவாஹு தீவில் வையாஹோலே பள்ளத்தாக்கின் நீரை மலையைக் குடைந்து மறுபுறத்துக் கரும்புக்குக் கொண்டுசென்ற கால்வாய் 1916இல் முடிந்தது. தோட்டம் 1990களில் மூடப்பட்டதும் சேம்பு விவசாயிகள் அந்நீரைத் திரும்பக் கேட்டார்கள். நீர் யாருக்கு என்ற அந்த வழக்கில் இரண்டு 'வை'யும் அடங்கியிருந்தன. நீர் தனிச்சொத்தல்ல, பொதுமக்களுக்காக அரசு காக்க வேண்டிய பொறுப்பு என்று 2000ஆம் ஆண்டில் ஹவாயி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.