பக்கத்து ஹூடில் ஹைட்ரோகுளோரிக்

குளோரின்-36 என்ற அரிய அணுவை எண்ணி, பாறை எப்போது வெளியே வந்தது என்று கணிக்கும் வேலையில் இறங்கப்போகிறவர்கள் கல்லைத் தொடுவதற்கு முன், ஆய்வகத்தில் அக்கம்பக்கத்தில் யார் என்ன ஆசிட் ஊற்றுகிறார்கள் என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. ஐந்து மாதம் போயிற்று.

என் கற்கள் கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா நிலப்பிளவிலிருந்து வந்தவை. டைகெடோஸ் மலையின் கிழக்கு அடிவாரத்தில் சுண்ணாம்புப் பாறை சுவர் மாதிரி நிற்கிறது. பெரிய நிலநடுக்கம் வரும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு பட்டை வெளியே தலைநீட்டும். அன்றிலிருந்து காஸ்மிக் கதிர் பட்டு, கல்லின் கால்சியம் உடைந்து குளோரின்-36 கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். எந்தப் பட்டை எப்போது வெளிவந்தது, அதில் கி.மு. 464-இல் ஸ்பார்ட்டாவைச் சாய்த்த நடுக்கம் எது என்பதுதான் கேள்வி. குவார்ட்ஸ் உள்ள பாறை என்றால், இதேபோல் கதிரால் உண்டாகும் பெரிலியம்-10 பக்கம் போயிருக்கலாம். சுண்ணாம்புக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கல் அறுத்தது ஒரு வாரம், பிரச்சினை இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான், சுவருக்கு மேலே உள்ள மலைச்சரிவின் கோணத்தைக் குறிக்கவே இல்லை என்று தெரிந்தது. அது இல்லாமல் கதிர் எவ்வளவு மறைபட்டது என்று கணக்குப் போட முடியாது. ஒரே ஒரு எண்ணுக்காக மறுபடி ஏதென்ஸ், மறுபடி பஸ்.

கல் பெட்டி வேறு சுங்கத்தில் ஒன்பது நாள் கிடந்தது. மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். "பூஜ்யத்தைக் கணினி வாங்காது" என்றார் சுங்க அலுவலகத்து அம்மா. பத்து யூரோ என்று திருத்தினேன். அன்று மாலையே விட்டார்கள்.

அரைத்துச் சலித்து, மழைநீரோடு வந்து ஒட்டிய குளோரின் போக நீர்த்த நைட்ரிக்கில் கழுவி, ஸ்பைக் (அளவும் விகிதமும் தெரிந்த குளோரின்) சேர்த்துக் கரைத்து, சில்வர் நைட்ரேட் ஊற்றிக் குளோரினை வெள்ளை வீழ்படிவாக எடுத்தது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பேரியம் போட்டுக் கந்தகத்தை விரட்டும் கட்டத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கந்தகம்-36-க்கும் அதே நிறை. அணுக்களை நிறை பார்த்து எண்ணும் முடுக்கி நிறமாலைமானியில் அது நம் குளோரினின் வேஷத்தில் வந்து நிற்கும். வீழ்படிவை வெளிச்சத்தில் வைத்தால் ஊதா நிறமாகும், அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

இடி பிளாங்க் வழியாக வந்தது. பிளாங்க் என்றால் கற்களோடு சேர்த்து அதே கட்டங்களைத் தாண்டும் வெற்று மாதிரி. அதில் கல் கிடையாது, ஸ்பைக் மட்டும்தான். எங்கள் ஸ்பைக் கிட்டத்தட்ட முழுக்கக் குளோரின்-35. ஆகவே 35-க்கும் 37-க்கும் உள்ள விகிதம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். வந்தது வெறும் எட்டு. இயற்கைக் குளோரினில் அது மூன்று சொச்சம். அப்படியானால் எங்கிருந்தோ சாதாரணக் குளோரின் உள்ளே புகுந்திருக்கிறது. 36-இன் எண்ணிக்கை அதனால் பெரிதாகக் கெடாது. ஆனால் கல்லிலேயே அவ்வளவு குளோரின் இருந்ததாகக் கணக்கு நம்பிவிடும், அந்தக் குளோரின் நியூட்ரான் பிடித்து 36 ஆன பங்கைக் கூட்டிக்காட்டும், வயது குறைந்துபோகும். மொத்த பேட்சும் குப்பை.

பக்கத்து ஹூடில், அதாவது ஆவியை உறிஞ்சும் கூண்டில், வேறொரு குழு ஹைட்ரோகுளோரிக்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "இத்தனை வருஷத்தில் யாரும் புகார் சொன்னதில்லையே" என்றார். எனக்கு முன் அங்கே யாரும் குளோரினை அளந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வாக்குவாதத்தை விட்டேன். இரண்டு பீக்கரில் சுத்தமான நீரோடு சில்வர் நைட்ரேட் கலந்து, மூடாமல் ஓர் இரவு வைத்தேன். ஒன்று என் ஹூடில், ஒன்று மாடியில் பூட்டிக் கிடந்த அறையில். காலையில் மாடி பீக்கர் தண்ணீர் போலத் தெளிவு. என்னுடையது நீர்மோர். இரண்டையும் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன், பேசவில்லை. மதியத்துக்குள் மாடி அறைச் சாவி வந்தது.

அரைத்த தூளில் பாதியை எடுத்துவைத்திருந்ததால் பிழைத்தேன், நீங்களும் வையுங்கள். மாடியில் செய்த புதிய பிளாங்கின் விகிதம் போன வாரம் வந்தது, ஸ்பைக்கின் விகிதத்துக்குப் பக்கத்திலேயே. கற்களின் முறை அடுத்த மாதம்.