வாசலில் நிற்பவருக்கு ஒரு பொத்தான்

நாய் விளையாட்டுப் போட்டிகளுக்கென்று ஒரு மொபைல் ஆப் செய்யலாம் என்று எங்கள் கிளப் செயலாளர் அக்காவிடம் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு ஆசைகளை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நாய்க்கு ஒரு புரொஃபைல், ஓட்டத்தின் வீடியோ, பதக்கப் படங்கள், லைக். முதல் பதிப்பில் இவை எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் போட்டி மைதானத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதானே: "இப்போ எந்த நாய் ஓடுது?"

அஜிலிட்டி என்றால் நாய் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி. அதில் ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக நாயைக் கூண்டிலிருந்து இறக்கி, ஒன்றுக்கு விட்டு, கொஞ்சம் நடத்தி உடம்பைச் சூடாக்க அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். சீக்கிரமே கூட்டிவந்தால் என் நாய் பொட்டு வரிசையில் நின்று குரைத்தே தெம்பைத் தீர்த்துவிடுவாள். தாமதமானால் தூக்கக் கலக்கத்தோடு போய் முதல் கம்பியைத் தட்டுவாள். இரண்டு நாய்களை இரண்டு ரிங்கில் (ஓடுகளத்தில்) ஓட்டுகிறவர்கள் பாடு இன்னும் மோசம்.

ஆக, ஆப்பின் உயிர் ஓட்ட வரிசை. "உங்களுக்கு முன்னால் இன்னும் ஆறு நாய்கள்" என்று போன் சொல்லவேண்டும். நிமிடக் கணக்கை நான் நம்பவில்லை. ஒரு உயரப் பிரிவு முடிந்து அடுத்தது தொடங்கும்போது கம்பிகளையெல்லாம் மாற்றுவார்கள், நடுவில் தடத்தை நடந்து பார்க்க நேரம் கொடுப்பார்கள், டைமர் மக்கர் பண்ணும். நாய்களின் எண்ணிக்கை மட்டும் பொய் சொல்லாது.

சரி, அந்த எண்ணிக்கை ஆப்புக்கு எப்படித் தெரியும்? ரிங் வாசலில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் நிற்பாரே, அவர் தட்டினால்தான். இங்கேதான் சிக்கல். ஆப்பால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. சம்பளமில்லாத தன்னார்வலர், ஒரு கையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன லீஷ் (நாய்க் கயிறு), இன்னொரு கையில் பட்டியல். அவர் தட்ட மறந்தால் மைதானம் முழுக்கத் தப்பான எண் ஓடும். தப்பான எண்ணுக்கு எண்ணே இல்லாதது மேல். அதனால் முதலில் வரைந்தது போட்டியாளரின் திரையை இல்லை, இவருடைய திரையை. பாதித் திரைக்கு ஒரே பொத்தான்: "உள்ளே போயாச்சு". கீழே சின்னதாக இரண்டு: "வரவில்லை", "அப்புறம்". சிக்னல் இல்லாத மைதானங்கள் ஏராளம் என்பதால் தட்டியது போனிலேயே பதிந்து, இணைப்பு கிடைத்ததும் மற்றவர்களுக்குப் போகும். அதுவரை அவர்கள் திரையில் "கடைசியாகப் புதுப்பித்தது 10.42" என்று ஒளிக்காமல் காட்டிவிடுவோம்.

மதிப்பெண் விஷயத்தில் காகிதத்தைத் தொடப்போவதில்லை. தவறு நடந்தால் ஜட்ஜ் கண்ணை நாயிடமிருந்து எடுக்காமல் கையை உயர்த்துவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கோடு போடுவார். அந்த வேகத்துக்குத் திரை ஈடுகொடுக்காது. கணக்கு மட்டும் ஆப் பார்க்கட்டும். தடம் 180 மீட்டர், ஜட்ஜ் வைத்த வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் நிர்ணய நேரம் 45 நொடி. நாய் 47.32-இல் ஓடி ஒரு கம்பியையும் தள்ளினால், கூடுதல் நேரத்துக்கு 2.32-உம் கம்பிக்கு 5-உம் சேர்ந்து 7.32 தவறுப் புள்ளி. கால்குலேட்டரோடு இதைச் செய்து செய்து எங்கள் அக்காவுக்குக் கண் பூத்துவிட்டது. வீடியோ இல்லாததை அவர் மன்னித்தது இந்த ஒரு திரைக்காகத்தான்.

விதிகளை நிரலுக்குள் கெட்டியாக எழுதிவைக்கவும் கூடாது. எஃப்சிஐ என்ற சர்வதேச நாய் கூட்டமைப்பின் போட்டிகளில் அஜிலிட்டிக்கு நாய்க்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், அமெரிக்கன் கென்னல் கிளப்பில் 15 மாதம் போதும். எஃப்சிஐயில் தோள் உயரம் 35, 43, 48 சென்டிமீட்டர் என்ற எல்லைகளில் நாய்கள் நாலு பிரிவாகப் பிரியும். மற்ற அமைப்புகளுக்கு வேறு அளவுகள். உயரத்தை உரிமையாளரே தட்டச்சு செய்யும் பேச்சுக்கே இடமில்லை. 48-க்கு ஒரு நூல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளந்தவர், அளந்த தேதி இரண்டும் இருந்தால்தான் ஆப் ஏற்கும்.

இன்னொன்று, பெண் நாய் பருவத்தில் இருந்தால். சில அமைப்புகள் தனியாக வைத்திருக்கச் சொல்லி ஓடவிடும், அப்போது கிளப்கள் வழக்கமாகக் கடைசியில் போடும். சில அமைப்புகள் சேர்க்கவே சேர்க்காது. எப்படியானாலும் அன்று காலையில் வரிசை மாறும். செயலாளர் ஒரு பெயரை இழுத்துக் கடைசியில் விட்டால், நகர்ந்த எல்லோருக்கும் புது எண் போகவேண்டும். காரணம் மட்டும் யாருக்கும் காட்டக்கூடாது.

ஐஜிபி, ராலி ஒபீடியன்ஸ் மாதிரி மற்ற நாய்ப் போட்டிகள் எல்லாம் அப்புறம். ஐஜிபியில் மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. அதன் வரிசையே வேறு மாதிரி நகரும்.

அடுத்த கிளப் பயிற்சிப் போட்டியில் பொத்தான் திரையை வாசலில் நிற்கும் அண்ணன் கையில் கொடுக்கப்போகிறோம். விளக்கமே சொல்லாமல். லீஷைப் பிடித்த கையின் கட்டை விரலாலேயே அவரால் தட்ட முடிந்தால் மேற்கொண்டு எழுதுவோம், முடியாவிட்டால் மறுபடியும் வரைவோம்.