அம்மா விட்டுவிட்ட வேலைகள்

எனக்கு முடக்குவாதம் வந்தது 2012-இல். காலையில் எழுந்தால் விரல்கள் விறகுக்கட்டை மாதிரி இருக்கும். இறுக்கம் விட ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் ஒரு வருடம் வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. மாவு பிசைய முடியாத அன்று, "இன்னிக்கு உப்புமா சாப்பிடணும் போல இருக்கு" என்பேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது என்பதால், உட்கார இடம் இருக்கிற பஸ் வரும்வரை ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டு, ஆபீசில் டிராபிக் மேல் பழி போடுவேன். மறைப்பது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, தானாகப் படிந்துவிடுகிறது.

இவ்வளவு செய்தவளுக்கு, அம்மாவும் அதையே செய்துகொண்டிருந்தாள் என்று தெரிய இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அப்பா போன பிறகு அம்மா அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரிலேயே தனியாக இருந்தாள். நான் திருநெல்வேலியில், அண்ணன் பெங்களூரில். 2021 மார்கழியில் ஊருக்குப் போனபோது வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தது. அம்மா பதினைந்து புள்ளி, பத்தொன்பது புள்ளி சிக்குக்கோலத்தை நோட்டைப் பார்க்காமல் போடுகிறவள். ஏன் என்று கேட்டதற்கு, "முட்டி வலிக்கு, குனிய முடியல" என்றாள். எழுபதை நெருங்குகிறவளுக்கு முட்டி வலிக்காமல் இருக்குமா? அந்தப் பதிலின் கச்சிதமே என்னை உறுத்தியிருக்க வேண்டும். என் பொய்களும் அப்படித்தான், அடுத்த கேள்விக்கு இடம் வைக்காது.

அப்புறம் ஒவ்வொன்றாக. எப்போதும் சேலைதான் கட்டுவாள், நைட்டிக்கு மாறினாள். "வெக்கை தாங்கல." போனில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். வீடியோவில் பேசிவிட்டு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிட்டே பேசுறா, வயலை வித்ததுல கோவமா?" என்று கேட்டான். நானும் இருக்கலாம் என்றுதான் சொன்னேன். லீவுக்குப் போய்விட்டு வந்த என் மகள், "ஆச்சி ராத்திரி கனவுல சண்டை போடுதா, என்னைய மிதிக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஒரு நாள் அடுப்பில் பால் அடிபிடித்து வீடே நாறியது, அம்மா பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சளி பிடிச்சிருக்கு" என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சளி ஒன்றும் இல்லை.

அவளாக வாய் திறந்து சொன்னது தோள்வலியை மட்டும்தான். 2022-இல் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். நாலு மாதம் பிசியோதெரபி. தோள் கொஞ்சம் இளகியது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுபது வயதுப் பெண்ணுக்கு வலது தோள் இறுகினால் யார் போய் மூளையை நினைப்பார்கள்? அம்மாவுக்கு வந்திருந்த பார்க்கின்சன், அதாவது நடுக்குவாத நோயில் இப்படித் தோளில் ஆரம்பித்துத் தோளுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பது நிறையப் பேருக்கு நடக்கிறதாம். அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

2023-இல் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. இரவு கோயிலுக்குப் போகும்போது நான் அம்மாவுக்குப் பின்னால் நடந்தேன். முன்னால் போகிறவர்களுடைய நடையை நாம் பார்ப்பதே இல்லை, எப்போதும் பக்கத்தில்தானே நடப்போம். இடது கை வீசிக்கொண்டு போனது. வலது கை முழங்கையில் லேசாக மடிந்து, இடுப்போடு ஒட்டி, அசையாமல் இருந்தது. வலது செருப்பு மட்டும் சர், சர் என்று தேய்ந்தது. திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். வலது செருப்பின் முனை காகிதம் மாதிரி ஆகியிருந்தது. இடது புதிதாக இருந்தது.

உள்ளே போனால் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், ராத்திரி பதினொரு மணிக்கு. அப்போதுதான் பொறி தட்டியது. கொஞ்ச நாளாகவே அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கீரை, புளி, முந்தானை நுனி, ஏதாவது ஒன்று கையில் இருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அம்மாவின் வலது கை மடியில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றன்மேல் ஒன்று உரச ஆரம்பித்தன, விளக்குத்திரி திரிப்பது போல. திரி இல்லை. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். முறத்தைத் திரும்ப இழுத்து, "கீரை வாடிரும்" என்றாள். கை நின்றுவிட்டது.

கை ஓய்வாக இருக்கும்போது நடுக்கம் வரும், எதையாவது எடுத்தால் அடங்கும். டாக்டர் சொல்லும் முன்பே அம்மா அதைக் கண்டுபிடித்து, அதைக்கொண்டே மறைத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவளிடம் "என்ன செய்யுது?" என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒண்ணுமில்ல என்கிற பதில் தயாராக இருக்கும், என்னிடமும் இருந்தது. "எம்மா, இப்ப என்னென்ன செய்யதில்ல?" என்று கேட்டேன். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் கொட்டியிருப்பேன்.

கோலம். ஜாக்கெட் ஹூக். தயிர் கடைவது. தலைக்கு எண்ணெய் வைப்பது. ராத்திரி படுக்கையில் புரள்வது, அதற்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதாம். பர்சிலிருந்து சில்லறை எடுப்பது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று 2021-இல் வந்தது அவளுக்கு நல்ல மறைப்பாகப் போயிற்று. பல் தேய்ப்பது ஒரு வருடமாக இடது கையில். சொல்லிக்கொண்டே போனாள், முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"உனக்கே வெரல் மடங்க மாட்டேங்கு. இதுல நான் வேறயாட்டி?"

நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு விஷயங்களை எடுத்துப்போனேன். பின்னாலிருந்து எடுத்த நடை வீடியோ. அவள் விழுங்குகிற எல்லா மாத்திரை அட்டைகளும். சமையலறைச் சுவரில் தொங்கிய மூன்று வருடத்து மாதக் காலண்டர்கள், பால் கணக்கும் "கேஸ் வந்தது", "கரண்ட் பில்" என்கிற குறிப்புகளும் அதில்தான் இருக்கும். 2021 ஜனவரியில் கட்டத்தை நிறைத்துக்கொண்டிருந்த எழுத்து, 2023-இல் வரி முடிவதற்குள் கடுகாகியிருந்தது. நான்காவது, ஒரு பையில் அந்தச் செருப்பு. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

பார்த்துவிட்டு, "நீங்க கதவுலேர்ந்து நாற்காலிக்கு வந்தப்பவே பாதி தெரிஞ்சுட்டும்மா" என்றார். 1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதியபோது ஆறு பேரைத்தான் வைத்து எழுதினார். அதில் சிலர் அவருடைய நோயாளிகளே இல்லை, தெருவில் பார்த்தவர்கள். ஸ்கேன் இல்லாத காலம், நடையையும் கையையும் பார்த்தே எழுதியிருக்கிறார். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். பார்க்கின்சன் என்று உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, எம்.ஆர்.ஐ. எடுப்பது வேறு ஏதும் இல்லை என்று பார்க்க. டாக்டர் அம்மாவைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை டக் டக் என்று தட்டியது, வலது நாலாவது தட்டிலேயே சுருங்கி நின்றது. கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். பின்னால் நின்று தோளைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். கோலம் போட்ட கை, மூன்றாவது சுற்றில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு என்னைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டார். வாசனை தெரிகிறதா? தூக்கத்தில் கத்துவது, கை கால் உதைப்பது உண்டா? மலச்சிக்கல் எத்தனை வருடமாக? பாலும், மகள் சொல்லி நாங்கள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. மலச்சிக்கலுக்கு அம்மாவே பதில் சொன்னாள், பத்து வருடம் இருக்குமாம். தினம் ராத்திரி வாழைப்பழமும் கடுக்காய்ப் பொடியும் சாப்பிடுவதை ஆரோக்கியப் பழக்கம் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே இவை தொடங்கிவிடக்கூடுமாம்.

மாத்திரை அட்டைகளில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். தலைச்சுற்றலுக்கு எப்போதோ எழுதிக்கொடுத்த சின்னரிசின். அம்மா அதை மெடிக்கலில் கேட்டு வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். நீண்ட நாள் எடுத்தால் அந்த மருந்தே பார்க்கின்சன் மாதிரி இறுக்கத்தையும் நடுக்கத்தையும் கொண்டுவரக்கூடும். அதை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த மூன்று மாதமும் மாத்திரைதான் காரணமாக இருக்கட்டும் என்று குலசாமியிடம் தினமும் கேட்டேன். கொஞ்சம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, நோய்தான் என்றார்.

அந்த நாட்களில் ராத்திரி தூங்காமல் போனில் படித்துக்கொண்டிருப்பேன். ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்று ஒரு அம்மா, நர்ஸாக இருந்தவர். கணவருடைய உடம்பு வாசனை மாறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்து பன்னிரண்டு வருடம் போல ஆன பிறகுதான் கணவருக்குப் பார்க்கின்சன் என்று கண்டுபிடித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் பன்னிரண்டு பேர் போட்ட பனியன்களைக் கொடுத்து முகரச் சொன்னார்கள், ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் இல்லாதவர்கள். நோயில்லாத ஒருவரையும் சேர்த்து ஏழு பேர் என்றார். தப்பு என்று குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த ஏழாவது ஆளுக்கும் நோய் வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவருக்கு மூக்கில் தெரிந்தது, எனக்கு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியும் தெரியவில்லை.

அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது இன்னொன்று புரிந்தது. அந்த வீட்டில் எந்த டப்பாவும் இறுக்கி மூடியிருக்காது. சீனி, காபிப்பொடி, ஊறுகாய், எல்லாம் ஒரு சுற்று சும்மா வைத்தது போல இருக்கும். எறும்பு வரும் என்று நானே பல தடவை சத்தம் போட்டிருக்கிறேன். நான் வாய் திறப்பதற்கு முன்பிருந்தே, 2012-இலிருந்தே அப்படித்தான். எனக்காக என்று நினைத்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு, கடைசி இரண்டு வருடம் இறுக்கி மூட அவளுக்கே முடிந்திருக்காதே என்று தோன்றியது. அவளிடம் கேட்டேன். "மூடி என்னத்துக்கு இப்ப" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை, அரை அரையாக மூன்று வேளை தொடங்கினார்கள். முதல் வாரம் குமட்டல். அம்மா அதைப் பால் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். பால், பருப்பு, முட்டை இவற்றிலுள்ள புரதம் மருந்தோடு போட்டி போடும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரில் போடுங்கள் என்று டாக்டர் திருத்தினார். சில வாரங்களில் நடை இளகியது. ஹூக் போட்டாள், பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு. நோய் போகாது, மருந்து நேரம் தவறினால் கை உடனே காட்டிக்கொடுக்கும்.

அண்ணனுக்குப் போனில் விளக்கினேன். முகத்துத் தசைகளும் இறுகிவிடும், அதனால்தான் அப்படித் தெரிகிறது, உன்மேல் கோபமில்லை என்று. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அந்த வார இறுதியில் வந்து நின்றான்.

வீட்டில் இப்போது இரண்டு வாதம், முடக்கும் நடுக்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒரு நாளுக்கு மேல் போட்டால் ஆபத்து. அதனால் அம்மா திங்கள் காலையில் என் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறாள். அவள் மாத்திரைக்கு நான் அலாரம் வைத்திருக்கிறேன். ஆறரைக்குப் போட்டால் ஏழேகாலுக்கு அவள் கை வேலைக்கு வரும். என் விரல்கள் எட்டரைக்குத்தான் எழும். அந்த ஒன்றேகால் மணி நேரம் அடுக்களை அவளுடையது.

போன மார்கழியில் கோலம் போடணும் என்றாள். என்னால் விடிகாலையில் கோலப்பொடியைப் பிடிக்க முடியாது, அவளால் இருட்டில் குனிந்து திரும்ப முடியாது. ஒன்பது மணிக்கு, வெயில் ஏறியபின் வாசல் தெளித்தோம். நான் புள்ளி வைத்தேன், ஐந்து புள்ளிதான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து இழைத்தாள். ஒரு பக்கம் சின்னதாகத்தான் போனது. எதிர்வீட்டு அத்தை வந்து, "ஒம்போது மணிக்கு யாராவது கோலம் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல இப்பதான் விடியுது" என்றாள் அம்மா.

முகத்தில் ஒன்றும் அசையாததால் அத்தை அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு, "அப்படியா, தினமும் இவ்வளவு லேட்டாவா எந்திரிக்கீக?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.