அணை மீனும் நாசிக் ப்ரூட்டும்: கிருஷ்ணகிரியில் ஒரு வெள்ளி விழா

காவேரிப்பட்டணம் பக்கத்தில் கல்லூரி நண்பனுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. கல்யாண வெள்ளி விழாவை அங்கேயே வைத்துக்கொள்வதென்று முடிவானதும் போன் வந்தது: "மச்சான், ஷாம்பெய்ன் உன் பொறுப்பு."

குடிக்கிறவர்கள் இருபது பேர், பட்ஜெட்டோ கொஞ்சம். பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் தயாராகும் நுரைக்கும் ஒயினுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாது. ஸ்பெயினின் காவா, இத்தாலியின் ப்ரொசெக்கோ மாதிரி நுரைக்கும் ஒயின்கள் எல்லாம் அந்தந்த ஊரில் மலிவு. இறக்குமதி வரி ஏறி இங்கே வந்து சேரும்போது அந்த மலிவு காணாமல் போய்விடும். மிச்சம் மகாராஷ்டிராவின் நாசிக். அங்கே சூலா, ஷாந்தோன் என்ற ஒயின் கம்பெனிகள் ஷாம்பெய்ன் முறையிலேயே, ஒயினைப் பாட்டிலுக்குள் இரண்டாவது தடவை நொதிக்கவிட்டு நுரை வரவைக்கிறார்கள். இருபது பேர் வாழ்த்துச் சொல்லிக் குடிக்க அது தாராளம்.

லேபிளில் பார்க்க வேண்டியது இனிப்பின் அளவு. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. எக்ஸ்ட்ரா ட்ரை என்று போட்டிருப்பது, 'ட்ரை' என்றால் இனிப்பில்லாதது என்று பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ப்ரூட்டைவிட இனிப்பானது. டெமி-செக் நல்ல இனிப்பு. 750 மில்லி பாட்டிலில் ஆறு கிளாஸ் ஊற்றலாம். இருபது பேருக்கு நாலு பாட்டில் போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், அங்கேயே வாங்கிவிடலாமே என்று மச்சினன்மார் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாநில எல்லையான ஜூஜூவாடியில் போலீஸ் வண்டியை மறித்து டிக்கியைத் திறக்கச் சொன்னால் விழா ஸ்டேஷனில்தான் நடக்கும். சென்னையில் டாஸ்மாக் எலைட் கடையிலேயே வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கொண்டுபோனேன். ரோட்டில் குலுங்கி வந்த பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. முதல் நாளே போய் நிழலான அறையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். தென்பெண்ணையின் குறுக்கே 1957-இல், காமராஜர் ஆட்சியில் திறந்த அணை. பூங்கா சுமார்தான், கூட்டம் வருவதே மீன் வறுவலுக்கு. மீனைக் காட்டினால் அங்கேயே கீறி, மசாலா தடவி, எண்ணெயில் போட்டுவிடுகிறார்கள். "அக்கா, காரம் பாதி போதும்" என்று சொல்லி விழாவுக்கு வாங்கினேன், அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். காரத்தோடு நுரைக்கும் ஒயின் சேர்ந்தால் நாக்கு இன்னும் எரியும். உப்பும் எண்ணெயும் உள்ள எதுவும், வறுத்த மீன், மசால் வடை, வறுத்த முந்திரி, ப்ரூட்டுக்குப் பிரமாதமாகப் பொருந்தும். கேக் ஆகாது. கேக் வாயில் இருக்கும்போது குடித்தால் ப்ரூட் வெறும் புளிப்பாகத் தெரியும். அதனால் முதலில் ஒயினும் மீனும், அப்புறம்தான் கேக் என்று சட்டம் போட்டேன். வீட்டுப் பெண்கள் ஒத்துக்கொண்டார்கள், குழந்தைகள்தான் முறைத்தார்கள்.

குளிரவைக்க அன்னக்கூடையில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கை கல்லுப்பு. வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் பாட்டிலைச் சுற்றிலும் தொடும், சீக்கிரம் குளிரும்; அரைமணி நேரம் போதும். விலை குறைந்த ஒயினுக்கு இந்தக் குளிர்ச்சிதான் பாதி ருசி.

நண்பனின் மச்சினர் கார் ரேஸில் காட்டுவதுபோல் பாட்டிலைக் குலுக்கத் தயாராக நின்றார். உள்ளே 5, 6 அட்மாஸ்பியர் அழுத்தம், கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல், கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்றதும் பாட்டில் என் கைக்கு வந்தது. தாளை உரித்து, கார்க்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே அதைக் கட்டியிருக்கும் கம்பியின் காதை ஆறு அரைச்சுற்று திருகினால் தளரும். மேலே ஒரு துண்டு. பாட்டிலை ஆளில்லாத பக்கம் சாய்த்து, கார்க்கை இறுக்கிப் பிடித்து, பாட்டிலை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். கார்க் தானாக மேலே ஏறும். அதை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் 'உஸ்' என்று அடங்கிய சத்தத்தோடு வரும். ஒரு சொட்டு சிந்தவில்லை. "சப்புனு ஆயிடுச்சே" என்றார் மச்சினர்.

நீளக் கிளாஸ் யாரிடமும் இல்லை. வீட்டிலிருந்த ஜூஸ் கிளாஸ்களையே வெறும் தண்ணீரில் இன்னொரு முறை அலசிக்கொண்டோம், சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. கிளாஸைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றி, நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றினால் ஆயிற்று.

நண்பனின் அம்மா தோப்பு மாம்பழத்தில் கூழ் எடுத்து வைத்திருந்தார். வெனிஸில் பீச் பழக்கூழில் ப்ரொசெக்கோவை ஊற்றி பெல்லினி என்று கொடுப்பார்கள். அதே கணக்கில், கிளாஸில் முதலில் ஒரு பங்கு மாங்கூழ், மேலே இரண்டு பங்கு ப்ரூட்டை நிதானமாக விட்டேன். அவசரப்பட்டால் பொங்கி மேஜையெல்லாம் ஓடும். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே கூழில் கோலி சோடா. அம்மா தன் சோடாவை ருசித்துவிட்டு, "இதுவே நல்லாத்தான்பா இருக்கு, அதுக்கு எதுக்கு அவ்ளோ காசு?" என்றார்.

கடைசிப் பாட்டிலில் பாதி மிஞ்சியது. வாயில் ஸ்பூனைச் சொருகினால் நுரை தங்கும் என்று யாரோ சொன்னார்கள், அது கதை. இறுக்கமாக மூடி பிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். மறுநாள் நாங்கள் வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் அந்தப் பாதி மச்சினர் கணக்கில் போனது.