செட்டியார் பொம்மை குடித்த பால்

நம் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திய ஆசிரியரைப் பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். தம் பெயர் அச்சில் வருவதை அவர் என்றும் விரும்பியதில்லை. எனவே பெயரைத் தவிர்க்கிறேன், படித்தவர்களுக்கு அது தெரியாமலா போகும்! அவர் நாத்திகர் என்பது பள்ளி முழுவதும் அறிந்த செய்தி. வேப்பேரியில் பெரியார் திடலுக்கு நடந்து போகிற தொலைவில் படித்த எங்களுக்கு நாத்திகம் புதிதன்று. தீக்குழியில் இறங்கியும், அலகு குத்திக் கார் இழுத்தும், இவற்றுக்குக் கடவுள் அருள் தேவையில்லை என்று காட்டிய திராவிடர் கழகத்தாரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாங்கள். ஆனால் இவரோ கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சை வகுப்பில் எடுத்ததே இல்லை. உலகில் நிகழ்வதற்கு உலகத்துக்குள்ளேயே காரணம் தேட வேண்டும் என்பது மட்டுமே அவர் எங்களிடம் வற்புறுத்திய கொள்கை. இயற்கைக்கு அப்பால் எதுவுமே இல்லை என்பது அதைவிடப் பெரிய கூற்று என்றும், அது தாம் தனியே யோசித்து வந்தடைந்த முடிவு என்றும், அதை எந்த மாணவனும் விடைத்தாளில் எழுத வேண்டியதில்லை என்றும் சொல்வார்.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று விடியுமுன் டெல்லியில் கிளம்பிய செய்தி, செல்பேசி இல்லாத அந்தக் காலத்திலும், பொழுது சாய்வதற்குள் நாடெங்கும் பரவி, லண்டனின் சவுத்தால் கோயில் வரை வரிசை நிற்க வைத்தது. அப்போது எங்கள் ஊர் அதிகாரப்பூர்வமாக இன்னும் மெட்ராஸ்தான். என் அம்மாவைப் பெற்ற ஆயா, புரசைவாக்கத்தில் எங்கள் தெருமுனைக் கோயிலில் வெகுநேரம் நின்று, தம் கையாலேயே ஒரு ஸ்பூன் பாலைப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மத்திய அரசின் அறிவியலாளர்கள் பாலில் வண்ணம் கலந்து சோதித்த செய்தி நாளிதழில் வந்திருந்தது. ஆனாலும் படித்ததைக் கொண்டு முடிவு கட்ட சார் எங்களை விடவில்லை. நவராத்திரி நெருங்கிய நேரமாதலால் வீடுகளில் கொலு பொம்மைகள் பரணிலிருந்து இறங்கியிருந்தன. அவற்றில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னவர், "பிள்ளையார் வேண்டாம், செட்டியார் இருந்தால் கொண்டு வா" என்றார்.

ஸ்பூனின் விளிம்புக்கு மேல் சற்று உப்பி நிற்கும்படி பாலை நிரப்பி, செட்டியாரின் உதட்டில் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்த்தார். ஸ்பூன் காலியானது, வகுப்பு ஆரவாரித்தது. அடுத்த ஸ்பூனில் ஒரு சொட்டு நீல மையை விட்டார். இம்முறை செட்டியாரின் மோவாயிலிருந்து தொந்தி வழியாக மேசை வரை நீலக்கோடு ஒன்று இறங்கியது. உப்பி நிற்கும் பாலைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. ஏற்கெனவே நனைந்த பரப்பைத் தொட்டதும் பால் அதன்மேல் ஒட்டிப் படர்கிறது. படர்ந்ததைப் புவியீர்ப்பு மெல்லிய படலமாகக் கீழே இழுத்துச் செல்கிறது. வெள்ளைப் பளிங்கின்மேல் வழியும் அந்தப் படலம் யார் கண்ணுக்கும் எளிதில் தெரியாது.

அப்படியானால் ஆயா பொய் சொன்னாரா என்று நான் கேட்டேன். சார் தந்த விடையை நான் இன்றுவரை விடவில்லை: "உங்க ஆயா பார்த்தது உண்மை, ஸ்பூன் காலியாச்சு. பிள்ளையார் குடிச்சார்ங்கிறது மட்டும்தான் அவங்க சேர்த்தது." வீட்டுக்கு வந்து செட்டியார் கதையைச் சொன்னபோது, "அவருக்கும் பசிச்சிருக்கும், பாவம்" என்று சொல்லிவிட்டு ஆயா அடுப்படிக்குப் போய்விட்டார்.

அற்புதங்களைப் பற்றி ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748இல் எழுதிய பகுதியைப் பிற்காலத்தில் இங்கிலாந்தில் படித்தேன். ஒருவரின் சாட்சியம் பொய்யாக இருப்பது அவர் சொல்லும் அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தாலன்றி அந்தச் சாட்சியத்தை ஏற்கலாகாது என்பது அவர் அளவுகோல். சொல்பவர் ஏமாற்றுகிறாரா, ஏமாந்தாரா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். அளவுகோலில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் சரியாகப் பார்த்துவிட்டுத் தவறாக விளக்கும் என் ஆயாவை ஏமாந்தவர் வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நம் பகுத்தறிவு மேடைகள் பலவற்றில் எனக்குள்ள சங்கடமும் இதுவே: அங்கே பக்தர் முட்டாளாகவோ சாமியார் கையாளாகவோ மட்டுமே வருகிறார்.

சாட்சியை மதிக்காமல் அறிஞர்கள் கோட்டை விட்ட கதையையும் சார் சொல்லியிருக்கிறார். வானத்திலிருந்து கல் விழுகிறது என்று உழவர்கள் சொன்னதைக் கட்டுக்கதை என்று படித்தவர்களில் பலர் நெடுங்காலம் ஒதுக்கினார்கள். 1803 ஏப்ரலில் பிரான்சின் லேகிள் என்ற ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கற்கள் விழுந்தபோது, விசாரிக்கச் சென்ற பியோ என்ற இளம் இயற்பியலாளர் ஊர் ஊராகப் போய், ஒருவரையொருவர் அறியாத பலரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை வயல்களில் கிடந்த கற்களோடு ஒப்பிட்டு, உழவர்கள் சொன்னது சரியென்று அறிவித்தார். அதனால், உலகத்துக்குள்ளேயே காரணம் தேடும் இயற்கைவாதம் இடிந்துவிடவில்லை. இயற்கையைப் பற்றிய அறிவு விரிந்தது. நாளை இன்னொரு 'அற்புதம்' இப்படி உறுதியானாலும் நான் செய்யப்போவது அதுவே.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று தமிழ் ஐயா ஒருநாள் வம்புக்கு இழுத்தார். இழுத்தவரே மணிமேகலையில் வரும் பூதவாதியையும் எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். பூவும் வெல்லமும் பிறவும் கூடிய இடத்தில் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடிய இடத்தில் உணர்வு பிறக்கிறது என்பது பூதவாதியின் கொள்கை. புலன்களால் நேரே அறியும் காட்சி ஒன்றே அவனுக்கு அளவை, அதாவது அறிவுக்கு ஆதாரம். முற்பிறப்பை அறிந்தவர் உண்டு என்று மணிமேகலை நகைக்க, அது தெய்வ மயக்கம், கனவு, மனமயக்கம் என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று அவள் அவனை மடக்குகிறாள்.

தமிழ் ஐயா இதோடு வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தார். இயற்பியல் சாரோ இருவருக்கும் பாதி மதிப்பெண் போட்டார். அணுவைக் கண்ணால் கண்டவர் யார், அனுமானம் இல்லாமல் இயற்பியலே இல்லை, ஆகையால் அளவையைப் பொறுத்தவரை மணிமேகலை பக்கமே நியாயம் என்றார். ஆனால் தந்தை யாரென்று ஊரில் பத்துப் பேரிடம் விசாரித்துக்கொள்ளலாம். முற்பிறப்பைப் பற்றி விசாரிக்கப் போனால் அவளைத் தவிர வேறு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று கேட்டார். தமிழ் ஐயா சிரித்துக்கொண்டே மணி அடித்துவிட்டது என்றார், உண்மையில் அடித்திருக்கவில்லை.